இணையவழிப் பகுதிநேர எழுத்துப்பணி

இணையவழிப் பகுதிநேர எழுத்துப்பணி என்பது ஒரு நிறுவனத்தில் நிலையான ஊழியராகச் சேராமல், இணையத்தின் ஊடாக வேலையைப் பெற்று, எழுதியோ மொழிபெயர்த்தோ மெய்ப்புத் திருத்தியோ கொடுத்து, முடித்த அளவுக்கு ஊதியம் பெறும் தொழில்முறை ஆகும். இதில் ஈடுபடுவோர் தன்னுரிமை எழுத்தர் எனப்படுவர். பேச்சு வழக்கில் ஃபிரீலான்சர் என்ற சொல்லே பெருவழக்காக உள்ளது. மாணவர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிகள் எனப் பலரும் இதனைப் பகுதிநேரமாகச் செய்கின்றனர்.

கணினியின் முன் அமர்ந்து செய்வதால் இது அலுவலக வேலை போலத் தோன்றினாலும், ஊதியம் மாதத்திற்கோ மணிக்கோ அல்லாமல் பெரும்பாலும் முடித்த துண்டுக்கே வழங்கப்படுகின்றது. ஆகவே பொருளியல் நோக்கில் இது துண்டுக்கூலி வேலையின் ஒரு வடிவமே. தமிழ்நாட்டில் துண்டுக்கூலியும் காலக்கெடுவும் ஆழமாக வேரூன்றிய வட்டாரங்களுள் விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி முதன்மையானது. அந்நகரை ஒட்டிய நாரணாபுரம் போன்ற ஊர்களில் வாழும் ஒரு மாணவருக்கு இணைய எழுத்துப்பணி புதிதாக இருக்கலாம். அதன் கூலிமுறை அவரது பாட்டிக்கே தெரிந்த ஒன்றாகும். இக்காரணத்தால் இக்கட்டுரையில் அவ்வட்டாரத் தொழில்கள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

சொற்கள்

ஃபிரீலான்சு என்ற ஆங்கிலச் சொல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எந்த அரசனுக்கும் கட்டுப்படாமல் கூலிக்குப் போரிடும் ஈட்டி வீரனைக் குறிக்க வழங்கியது. வால்டர் இசுக்காட்டின் ஐவன்கோ புதினத்தில் இச்சொல் இப்பொருளில் வருகின்றது. காலக்கெடுவைக் குறிக்கும் டெட்லைன் என்ற சொல்லின் தோற்றம் இதனினும் கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864 அளவில், போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருந்த ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் ஒரு கோடு குறிக்கப்பட்டிருந்தது. அதனைத் தாண்டும் கைதி சுடப்படுவான். பிற்காலத்தில் செய்தித்தாள் அலுவலகங்கள் இச்சொல்லை எடுத்துக்கொண்டன. தமிழில் இதற்கு ஈடாக வழங்கும் கெடு, தவணை ஆகிய சொற்களில் சுடப்படும் அச்சம் இல்லை. ஆயினும் கெடு தவறினால் பெயர் கெடும் என்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுவானது.

சிவகாசி வட்டாரமும் துண்டுக்கூலியும்

மழை குறைந்த, வேளாண்மைக்கு அதிகம் கைகொடுக்காத இவ்வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் 1920களில் தொடங்கியது. அ. சண்முக நாடார், பி. அய்ய நாடார் ஆகிய இருவரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பியதே இதன் தொடக்கம் எனக் கூறப்படுகின்றது. தீப்பெட்டிக்கு மேலொட்டுத் தாள் வேண்டியிருந்தது. அதனை அச்சிட அச்சகங்கள் தோன்றின. பின்னர் பட்டாசுத் தொழிலும் வளர்ந்தது. இம்மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றதால்தான் ஒரு சிறு நகரம் இந்தியாவின் முதன்மையான அச்சு மையங்களுள் ஒன்றாக ஆனது.

தீப்பெட்டித் தொழிலில் நெடுங்காலமாகப் பெட்டி ஒட்டுதல் முதலிய பணிகள் வீடுகளிலேயே நடந்தன. கூலி குரோசுக் கணக்கில் அளக்கப்பட்டது. ஒரு குரோசு என்பது 144 ஆகும். வேலை வீட்டில் நடந்ததால் பசை காய்ச்சும் நேரமும் பொருளை வாங்கிவந்து திருப்பிக் கொடுக்கும் நேரமும் கூலியில் சேரவில்லை. குழந்தைகள் வேலையில் இழுக்கப்பட்டதும் இம்முறையின் விளைவே. இதற்கெதிராக எழுந்த குரல்களுக்குப் பின்னர், 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. இயந்திரங்களின் வரவால் வீட்டு வேலை பின்னாளில் வெகுவாகக் குறைந்தது. (பட்டாசைப் பொருத்தவரை வீட்டில் தயாரிப்பது சட்டவிரோதமானதும் உயிருக்கு ஆபத்தானதும் ஆகும்.)

வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்கு வேலை செய்வோரின் உரிமைகளுக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் எண் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. வீட்டுத் தொழிலாளி கூலியிலும் பாதுகாப்பிலும் பிற தொழிலாளிக்கு இணையாக நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா இதனை ஏற்புறுதி செய்யவில்லை.

இணைய எழுத்துப்பணியிலும் இதே அமைப்பையே காண்கின்றோம். குரோசுக்குப் பதிலாக ஆயிரம் சொற்கள். இடையில் நின்ற முகவருக்குப் பதிலாக ஓர் இணையத்தளம். பசை காய்ச்சும் நேரத்திற்குப் பதிலாக வேலை தேடும் நேரம். கூலி கிடைக்காத நேரம் எவ்வளவு என்பதைக் கணக்கிடாதவர் இரண்டிலும் ஏமாறுகின்றார்.

இப்பகுதிக்கு இரண்டாவது வருமானம் தேவைப்படுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புகளின் பயன்பாட்டைத் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. அதனையடுத்துப் பல ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின் ஊரடங்கு வந்தது. ஒரே தொழிலை நம்பிய குடும்பங்களில் கல்லூரி செல்லும் பிள்ளையின் சிறு வருமானமும் பொருட்படுத்தத் தக்கதாகின்றது.

இணையப் பணிச்சந்தையின் வளர்ச்சி

இணையத்திற்கு முன்பும் பகுதிநேர எழுத்துப்பணி இருந்தது. இதழ்களுக்குக் கதை, துணுக்கு எழுதிப் பணவிடையில் சன்மானம் பெற்றோர் பலர். ஆனந்த விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம் கல்லூரி மாணவர்களைப் படிக்கும்போதே எழுத வைத்த ஒன்றாகும்.

இணையத்தில் எலான்சு நிறுவனம் 1999இலும் ஓடெசுக்கு 2003இலும் தொடங்கின. இவை பின்னர் ஒன்றிணைந்து 2015இல் அப்வொர்க்கு எனப் பெயர் பெற்றன. ஃபிரீலான்சர் தளம் 2009இலும், இசுரேலைச் சேர்ந்த ஃபைவர் தளம் 2010இலும் வந்தன. முன்னவற்றில் வேலை கொடுப்பவர் அறிவிப்பு வெளியிடுவார், எழுத்தர் விண்ணப்பிப்பார்; ஃபைவரில் எழுத்தர் தம் சேவையைக் கடை போல விரித்து வைத்திருப்பார், வாங்குபவர் தேடி வருவார்.

தமிழில் கூலிக்கு எழுதப்பட்ட இணைய எழுத்தின் முதல் பெரிய நிகழ்வுகளுள் ஒன்று கூகுளின் மொழிபெயர்ப்புத் திட்டம் ஆகும். 2009 தொடங்கி இரண்டாண்டுகள் அளவில், ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகள் ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்களால் கூகுளின் கருவி கொண்டு தமிழாக்கப்பட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவில் இடப்பட்டன. கட்டுரைகள் நீளமாக இருந்தன. ஆனால் தலைப்புகள் தமிழ் வாசகருக்குத் தொடர்பற்றும், நடை இயந்திரத்தனமாகவும் இருப்பதாகத் தன்னார்வலர்கள் சுட்டிக்காட்டினர். 2010இல் போலந்தின் கதான்ஸ்கு நகரில் நடைபெற்ற விக்கிமேனியா மாநாட்டில் இது குறித்த மதிப்பாய்வு ஒன்றும் முன்வைக்கப்பட்டது. துண்டுக்கூலியின் இயல்பான குறை இதில் தெளிவாகத் தெரிந்தது. சொல்லெண்ணிக்கைக்குப் பணம் என்றால் சொல்லெண்ணிக்கையே விளையும்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதன்பின் பொருள் விற்பனைக் குறிப்பு, பொதுவான வலைப்பக்க உரை போன்ற எளிய எழுத்துப்பணிகளுக்கான தேவை குறைந்ததைப் பணிச்சந்தைகளின் தரவுகளை ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். மாறாக, இயந்திரம் எழுதியதையோ மொழிபெயர்த்ததையோ திருத்தும் பணி பெருகியுள்ளது. இதற்குத் தரப்படும் கூலி பாதியாக இருப்பதும், உழைப்பு பாதியாக இல்லாததும் குறிப்பிடத்தக்கது. மோசமான இயந்திரத் தமிழைத் திருத்துவதை விடப் புதிதாக எழுதுவது எளிது என்பதைச் செய்து பார்த்தோர் அறிவர்.

வேலை தேடுதல்

புதிதாகத் தொடங்குவோர் நேரே உலகச் சந்தைக்குச் செல்வது வழக்கம். அங்கே ஓர் ஆங்கிலக் கட்டுரைக்குப் பல நாட்டவர் போட்டியிடுவர். மதிப்பீடு ஏதும் இல்லாத புதியவருக்கு வாரக்கணக்கில் பதில் வராது. தமிழ் அறிந்தோர் குறைவாகவும் தமிழ் தேவைப்படுவோர் அருகிலும் இருக்கும் இடத்தில் தொடங்குவதே பயன்தரும். இவ்வகையில் சிவகாசி வட்டார மாணவருக்கு ஒரு வசதி உண்டு. நாட்காட்டி, நாட்குறிப்பு, குறிப்பேடு, அழைப்பிதழ், விளம்பரத்தாள் ஆகியவற்றை அச்சிடும் ஊரில் மெய்ப்புத் திருத்தத்திற்கு எப்போதும் இடமுண்டு. தினசரி நாட்காட்டி ஒன்றில் 365 தாள்கள். ஒவ்வொன்றிலும் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், விழாக் குறிப்பு ஆகியன உள்ளன. ஒரு நாளின் பிழை அந்நாட்காட்டியின் எல்லாப் படிகளிலும் அச்சேறும். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி, எஸ்.எஃப்.ஆர். மகளிர் கல்லூரி போன்ற நிறுவனங்களும் அருகிலேயே உள்ளன. அவற்றின் ஆண்டு மலரில் எழுதியதே ஒரு மாணவரின் முதல் மாதிரியாக அமையக்கூடும்.

தமிழில் பணிபுரிவோர் எழுத்துரு பற்றிய ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். இணையத்தில் ஒருங்குறியே வழங்குகின்றது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்களைப் பயன்படுத்தும் அச்சகங்களிலோ பாமினி, வானவில் போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் தட்டச்சிட்டது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். எழுத்துரு மாற்றி மென்பொருள்கள் உள்ளன. ஆயினும் மாற்றியபின் ஒற்றுகளும் கொம்புகளும் இடம் மாறியுள்ளனவா என்று மீண்டும் ஒருமுறை படித்தாக வேண்டும். எந்தக் குறியேற்றத்தில் தர வேண்டும் என்பதை வேலையை ஏற்கும்போதே கேட்டுக்கொள்வது கெடு நாளன்று ஏற்படும் கலக்கத்தைத் தவிர்க்கும்.

விண்ணப்பக் கடிதத்தில் தம் கல்வித் தகுதிகளை அடுக்குவதை விட, வேலை கொடுப்பவரின் பொருளிலேயே எழுதிய அரைப்பக்க மாதிரியை இணைப்பது அதிகப் பயன் தருகின்றது. பட்டாசு வணிகரின் வலைத்தளத்திற்கு எழுத விரும்புபவர், பாதுகாப்பாகப் பட்டாசு வெடிப்பது பற்றிய பத்து வரிகளை அனுப்பலாம். மாதிரி என்ற பெயரில் ஒரு முழுக் கட்டுரையைக் கூலியின்றிக் கேட்பவரிடம் கவனம் தேவை. இருபது விண்ணப்பதாரரிடம் ஆளுக்கொரு மாதிரி வாங்கினால் கேட்டவருக்கு இருபது கட்டுரைகள் இலவசமாகக் கிடைத்துவிடும்.

பிறருக்காகக் கல்லூரி ஒப்படைப்புகளையும் ஆய்வேடுகளையும் எழுதித் தரும் வேலை இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றது, கூலியும் கூடுதல். ஆயினும் இது கல்வி மோசடி ஆகும். பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்கும் ஒழுங்குவிதிகளை வெளியிட்டுள்ளது. இவ்வேலையை மாதிரியாகவும் காட்ட முடியாது என்பதால் எழுத்தருக்கு நீண்டகாலப் பயன் ஏதுமில்லை.

கூலிக் கணக்கு

மொழிபெயர்ப்பில் கூலி பெரும்பாலும் சொல்லுக்கு இவ்வளவு எனப் பேசப்படுகின்றது. எந்த மொழியின் சொல் என்பதே இங்கு முதன்மையான வினா. தமிழ் ஒட்டுநிலை மொழியாதலால் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் பெயரோடு சேர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் நான்கு சொற்களால் சொல்லப்படுவது தமிழில் "வீட்டுக்குள்ளிருந்து" என ஒரே சொல்லாக முடிகின்றது. எனவே ஆயிரம் சொல் ஆங்கிலக் கட்டுரை தமிழில் ஆயிரத்திற்கும் குறைவான சொற்களிலேயே அமையும். தமிழாக்கத்தின் சொற்களை எண்ணிக் கூலி தருவோரிடம் எழுத்தர் இழப்படைகின்றார். மூலச் சொற்களை எண்ணுமாறு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

உண்மையான கூலியை அறிய ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரம் மூலச் சொற்களுக்கு 1,000 ரூபாய் எனக் கொள்வோம். ஃபைவர் போன்ற தளம் 20 விழுக்காடு கழித்துக்கொண்டால் 800 ரூபாய் எஞ்சும். மொழிபெயர்க்க 4 மணி, மூலத்தைப் படித்துக் கலைச்சொல் தேட 1 மணி, திருத்த ஒன்றரை மணி, வேலையைத் தேடி மடல் எழுதிப் பேச ஒன்றரை மணி, ஆக 8 மணி நேரம். மணிக்கு 100 ரூபாய் ஆகின்றது. வேலை கொடுத்தவர் மீண்டும் ஒருமுறை திருத்தக் கேட்டு அதற்கு 2 மணி நேரம் சென்றால் மணிக்கு 80 ரூபாய். அதே வேலையை ஆயிரம் சொல்லுக்கு 500 ரூபாய்க்கு ஏற்றால் மணிக்கு 50 ரூபாய்தான். பல எழுத்தர்கள் முதல் எண்ணை மட்டுமே பார்க்கின்றனர். எத்தனை முறை திருத்தித் தரப்படும் என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரையறுப்பது கூலியை உயர்த்திக் கேட்பதற்கு ஈடான பயன் தரும்.

பெரிய தளங்களில் வேலை கொடுப்பவரின் பணத்தைத் தளமே முன்கூட்டிப் பெற்று வைத்திருந்து, பணி ஏற்கப்பட்டபின் எழுத்தருக்கு விடுவிக்கும் ஏற்பாடு உள்ளது. கட்டணத்தை மிச்சப்படுத்த வெளியே பேசிக்கொள்வோம் என்று அழைப்பவரை நம்பிச் சென்றால் இப்பாதுகாப்பு போய்விடும். பேபால் சேவை 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள்ளான கொடுக்கல் வாங்கலை நிறுத்திவிட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தை அதன்வழிப் பெறலாம்.

காலக்கெடு

சிவகாசி நாட்காட்டித் தொழிலின் ஆண்டுச் சுழற்சி காலக்கெடு மேலாண்மைக்கு ஒரு நல்ல பாடமாகும். அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரித் தொகுப்புகள் ஆடிப்பெருக்கு நாளில் பூசையிட்டு வெளியிடப்படுவது வழக்கம். அதன்பின் முகவர்கள் ஆர்டர் பிடிக்க, வணிகர்களின் கடைப்பெயர் அச்சாகி, தாள் தைத்து, தகரம் அடித்து, கட்டிப் பெட்டியிலிட்டு, சனவரி 1க்கு முன் கடைக்காரர் கையில் சேர வேண்டும். கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணியே ஒவ்வொரு கட்டத்தின் நாளும் குறிக்கப்படுகின்றது. இடையில் தீபாவளியும் வடகிழக்குப் பருவமழையும் வரும் என்பதும் கணக்கில் உண்டு. ஈரக்காற்றில் தாள் படியாது. விடுமுறையில் ஆள் கிடைக்காது.

இதிலிருந்து முதலில் பெறப்படுவது கெடுவின் வகை ஆகும். பிப்ரவரியில் வந்து சேரும் நாட்காட்டி பழைய தாளுக்குச் சமம். சூனில் பள்ளி திறக்கும்போது வராத குறிப்பேடோ சூலையிலும் விற்கும். எழுத்துப்பணியிலும் அப்படியே. தேர்தல், பண்டிகை, தேர்வு முடிவு ஆகியவற்றையொட்டிய கட்டுரையின் கெடு நாட்காட்டியின் கெடு. ஒரு வலைத்தளத்தின் அறிமுகப் பக்கத்தின் கெடு குறிப்பேட்டின் கெடு. "இந்நாளுக்கு மறுநாள் வந்தால் தங்களுக்கு என்ன ஆகும்?" என்று பணிவாகக் கேட்டால் விடை கிடைத்துவிடும். இரு வேலைகள் மோதும்போது எதனை முதலில் முடிப்பது என்பதற்கு இவ்விடையே வழிகாட்டுகின்றது.

அடுத்தது, தம் வேகத்தை மிகையாக மதிப்பிடும் மனித இயல்பு. டேனியல் கானமன், ஏமோசு துவெர்சுகி ஆகிய உளவியலாளர்கள் 1979இல் இதனைத் திட்டமிடல் மயக்கம் என்ற கருத்தாக விளக்கினர். ரோசர் பியூலரும் உடனாய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் மாணவர்கள் தம் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாட்கள் ஆகும் என மதிப்பிட்டனர். உண்மையில் ஏறத்தாழ 55 நாட்கள் ஆயின. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையை மட்டும் எண்ணினர், குறுக்கிடுவனவற்றை எண்ணவில்லை. இம்மயக்கத்திற்கு அறியப்பட்ட மருந்து, சென்ற வேலைகளில் மதிப்பிட்ட நேரத்தையும் எடுத்த நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, அவ்விகிதத்தால் அடுத்த மதிப்பீட்டைப் பெருக்குவது ஆகும்.

நாரணாபுரத்திலிருந்து கல்லூரிக்குச் சென்றுவரும் ஒரு மாணவர் 3,000 சொல் மொழிபெயர்ப்பை ஏற்பதாகக் கொள்வோம். மணிக்கு 250 சொல் வேகத்தில் 12 மணி. படிக்கவும் சொல் தேடவும் 3 மணி. திருத்த 4 மணி. மொத்தம் 19 மணி. முதல் வேலை என்பதால் ஒன்றரை மடங்கு வைத்தால் ஏறத்தாழ 28 மணி. மாலையில் இரண்டரை மணி நேரம் கிடைத்தால் 12 மாலைகள் வேண்டும். வாரத்தில் ஐந்து மாலைகளே உறுதி என்றால் இரண்டரை வாரம் ஆகும். "மூவாயிரம் சொல்தானே, நான்கு நாளில் தருகிறேன்" என்று சொல்லத் தூண்டும் மனம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. நவம்பர், ஏப்ரல் ஆகிய பருவத்தேர்வு மாதங்களில் இக்கணக்கே பொருந்தாது. அப்போது வேலையை மறுப்பதே நேர்மை.

மின்தடையும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். தமிழ்நாட்டில் துணைமின் நிலையங்களின் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரம் நிறுத்தப்படும் நாள் செய்தித்தாள்களில் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றது. அந்நாளையும் கெடு நாளையும் ஒன்றாக விடுவது தவிர்க்கக்கூடிய இடர். கோப்பை இணையச் சேமிப்பிலும் ஒரு படி வைத்துக்கொண்டால், கணினி பழுதானாலும் உலாவி மையத்திலிருந்தோ நண்பர் வீட்டிலிருந்தோ அனுப்பலாம்.

வெளிநாட்டு வேலைகளில் நேர வலயம் குழப்பம் தரும். நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை மாலை 5 மணி என்பது கோடையில் இந்திய நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். இந்தியருக்கு இது சாதகமானது எனலாம். வெள்ளிக்கிழமைக் கெடு என்றால் வெள்ளி இரவு முழுதும் கையில் உள்ளது. ஆனால் சிட்னி நகரத்தவருக்கு வேலை செய்பவருக்கு நிலைமை தலைகீழ்: அவர்களது மாலை 5 மணிக்கு இங்கு நண்பகல்தான் ஆகியிருக்கும். நாளோடு மணியையும் வலயத்தையும் எழுத்தில் உறுதி செய்துகொள்வது நலம்.

எவ்வளவு திட்டமிட்டாலும் சில நேரம் கெடு தவறும். வேலை கொடுத்தவர்கள் பெரிதும் வெறுப்பது தாமதத்தை அன்று; மௌனத்தையே. பாதிக் காலம் கடந்ததும் பாதி வேலை முடிந்துள்ளதா என்று பார்த்து, முடியவில்லை எனில் அன்றே தெரிவித்தால் அவர் மாற்று ஏற்பாடு செய்யலாம். முடிந்த பகுதியை முதலில் அனுப்பி, எஞ்சியதற்குப் புதிய நாளைக் குறிப்பிடலாம். அப்புதிய நாள் தவறக்கூடாது. வீட்டில் நிகழாத இறப்புகளைக் காரணம் காட்டும் வழக்கம் இத்துறையில் நகைப்புக்குரியதாகிவிட்டது.

மோசடிகள்

"வீட்டிலிருந்தே தட்டச்சு வேலை, மாதம் இருபதாயிரம்" என்னும் துண்டறிக்கைகளைப் பேருந்து நிலையங்களில் காணாதவர் இல்லை. முன்பதிவுக் கட்டணமோ பயிற்சிக் கட்டணமோ காப்புத்தொகையோ கேட்பது இவற்றின் அடையாளம். வேலைக்குக் கூலி தருபவர் தொழிலாளியிடம் பணம் கேட்க வேண்டிய தேவையில்லை. இதனினும் கொடிய வகை ஒன்றுண்டு. படிக்கவே முடியாத படக்கோப்புகளைத் தந்து, மிக உயர்ந்த துல்லியத்தோடு சில நாட்களில் தட்டச்சிட வேண்டும் என ஒப்பந்தம் போடுவர். எவராலும் முடியாத வகையிலேயே அது அமைக்கப்பட்டிருக்கும். கெடு முடிந்ததும் ஒப்பந்தத்தை மீறியதாக வழக்கறிஞர் பெயரில் அறிவிப்பு அனுப்பி, இழப்பீடு கட்டாவிட்டால் கைது என மிரட்டுவர். பெற்றோருக்குத் தெரியாமல் பணம் கட்டி ஓயும் மாணவர் பலர். ஒப்பந்தப்படி வேலையை முடிக்காதது உரிமையியல் சிக்கல் மட்டுமே. அதற்காகக் காவல்துறை எவரையும் கைது செய்வதில்லை. இத்தகைய மிரட்டல்களை 1930 என்ற தேசிய இணையக்குற்ற உதவி எண்ணில் முறையிடலாம்.

சட்ட நிலை

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்ய இயலாது. பள்ளி மாணவர்கள் பெற்றோர் வழியாகவே இப்பணியில் ஈடுபட முடியும்.

கூலி வராதபோது என்ன செய்வது என்பது பலரையும் வாட்டும் வினா. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு மற்றும் நடுத்தர நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் இங்குக் கைகொடுக்கின்றது. உத்யம் தளத்தில் கட்டணமின்றிப் பதிவு செய்துகொண்ட குறுந்தொழில் முனைவோருக்கு, இந்தியாவிலுள்ள வாங்குநர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். சேவை வழங்கும் தனியாளும் இவ்வாறு பதிவு செய்யலாம். பணியை ஒப்படைக்கும் முன்பே பதிவு செய்திருத்தல் வேண்டும். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் தளவழித் தொழிலாளர் என்ற வகையை முதன்முதலாக வரையறுத்தது. அது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது.

வரியைப் பொருத்தவரை, இந்திய நிறுவனம் ஒன்று ஓர் எழுத்தருக்கு ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணமாகத் தந்தால் 10 விழுக்காட்டைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்தும். 2025 ஏப்ரலுக்கு முன் இவ்வரம்பு 30,000 ரூபாயாக இருந்தது. மொத்த வருமானம் வரி வரம்பிற்குக் கீழ் உள்ள மாணவர், வருமான வரிப் படிவம் தாக்கல் செய்து இதனைத் திரும்பப் பெறலாம். பலர் தாக்கல் செய்யாமலேயே விட்டுவிடுகின்றனர்.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பது மாணவர்கள் கேட்க மறக்கும் வினா. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியராக அல்லாமல் தன்னுரிமையாக எழுதியவரே அப்படைப்பின் முதல் உரிமையாளர். உரிமையை மாற்றித் தருவது கையொப்பமிட்ட எழுத்து வடிவில் இருக்க வேண்டும். அவ்வாவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிடில் ஐந்து ஆண்டுகளுக்கும், இடம் குறிப்பிடப்படாவிடில் இந்தியாவுக்குள் மட்டுமே அம்மாற்றம் செல்லும். தம் பெயரின்றி வெளியிட ஒப்புக்கொண்ட மறைமுக எழுத்துப்பணியிலும் இவ்விதிகள் பொருந்தும். ஆனால் அவ்வெழுத்தைப் பின்னர் மாதிரியாகக் காட்ட வேலை கொடுத்தவரின் இசைவை முன்பே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.